தும்புத்தடியை விடமாட்டேன் என்கிறான் இரண்டரை வயது மகன்: வீட்டு வேலையில் சேர்க்கலாமா?

கடற்கரைப்பக்கத்து அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்குக் கிட்ட ஒரு தொடர்மாடியில். வீடு பார்க்க வந்தபோது கடல்காற்று நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் காற்றோடு வருகிற தூசியையும் உப்புப் பிசுபிசுப்பையும் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலையில் கூட்டினால் பின்னேரம் திரும்பவும் கால் நறநறக்கும். அதனால் எங்கள் வீட்டில் தும்புத்தடிக்கு ஓய்வே கிடையாது. கரைச்சலும் அங்கேதான் தொடங்கியது.

மகனுக்கு இரண்டரை வயது. நான் தும்புத்தடியை எடுக்கிற சத்தம் கேட்டால் போதும், எந்த அறையில் இருந்தாலும் ஓடி வந்துவிடுவான். "நான், நான்" என்று தடியின் நடுவில் பிடித்துத் தொங்குவான். அவனுக்கென்று புறக்கோட்டையில் வாங்கிய குட்டி பிளாஸ்டிக் தும்புத்தடி மூலையில் கிடக்கிறது, அதைத் திரும்பியும் பார்க்கமாட்டான். என் கையில் இருப்பதுதான் வேண்டும். நான் கூட்டி ஒதுக்கிய குப்பைக்கு நடுவால் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான். ஏசவும் மனம் வராது.

கூட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும், பருப்புக் கழுவ வேண்டும், உடுப்புக் காயப்போடும்போது கிளிப் எடுத்துத் தர வேண்டும். கிளிப் விஷயத்தில் கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். நிறம் பார்த்துத் தருவான். அப்பாவின் சேர்ட்டுக்கு நீலம், தன் காற்சட்டைக்குச் சிவப்பு. நான் வேறு நிறத்தைக் கொழுவினால் கழற்றும்வரை நகரமாட்டான். பருப்புக் கழுவுவது வேறு கதை. ஒரு சுண்டு மைசூர்ப் பருப்பில் பாதி சிங்க்கில், கால்வாசி அவனுடைய சட்டைக்குள், மிச்சம்தான் கறிக்கு.

இனி வீட்டு அரசியல். மாமி எங்களோடுதான் இருக்கிறார். நல்ல மனுசி, பேரன் என்றால் உயிர். ஆனால் அவன் கையில் தும்புத்தடியைக் கண்டால் முகம் மாறிவிடும். "ஆம்பிளைப் பிள்ளையின்ர கையில இதைக் குடுத்து வச்சிருக்கிறியே, பிள்ளை" என்பார். அதற்கு மேல், அவனுக்குக் கூட்டுகிற ஆசை வருவது சரியாக மாமி சாமி விளக்கு ஏற்றுகிற நேரத்தில். விளக்கு வைத்த பிறகு கூட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்று அவர் ஒரு பக்கம், நான் கூட்டத்தான் போகிறேன் என்று இவன் ஒரு பக்கம். நடுவில் நான், அடுப்பில் கொதிக்கிற சொதியோடு.

கணவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ரொஃபி. செருப்பை எடுத்து வைத்தால் ஒரு ரொஃபி, பேப்பர் கொண்டுவந்தால் ஒரு ரொஃபி. இப்போது "தண்ணிப் போத்தலை எடுத்துத் தாங்கோ" என்று நான் கேட்டால் முதலில் கையை நீட்டுகிறான்.

நான் சில நாள் வீட்டிலிருந்தும் சில நாள் ஒஃபிசுக்குப் போயும் வேலை செய்கிறேன். பொறுமைக்கும் ஒரு எல்லை இருக்கிறதுதானே? இந்த வயதில் உண்மையிலேயே வேலை பழக்கலாமா, அல்லது இதெல்லாம் விளையாட்டு என்று விட்டுவிட வேண்டுமா? பழக்குவதென்றால் எதில் தொடங்குவது? ரொஃபி கொடுப்பது சரியா? மாமிக்கு மனம் நோகாமல் என்ன சொல்லலாம்? வீட்டில் இப்படிப் பிள்ளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

தெஹிவளை ரீச்சர் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்தப் பிளாஸ்டிக் தும்புத்தடியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதால் ஒன்றும் கூட்டுப்படாது என்று உங்கள் மகனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அவனுக்கு வேண்டியது உண்மையான சாமான், உண்மையான குப்பை.

நான் கனகாலமாகப் பாலர் வகுப்பு எடுக்கிறேன். மரியா மொண்டிசோரி 1907 இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக முதல் பள்ளியைத் திறந்தார். விளையாட்டுச் சாமான் பக்கத்தில் இருக்கும்போதே பிள்ளைகள் அதை விட்டு உருப்படியான வேலையிடம் போவதை அங்கேதான் கவனித்தார். கூட்டுவது, ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் போடுவது எல்லாம் அவருடைய முறையில் பாடம். அந்த அம்மா 1939 இல் சென்னைக்கு வந்து, போர்க்காலத்தில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அதனாலோ என்னவோ, நாங்கள் பாலர் பாடசாலை எல்லாவற்றுக்கும் மொண்டிசோரி என்று போர்ட் மாட்டிவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று வயதுப் பிள்ளை கொப்பியில் ஏ பி சி எழுதிக்கொண்டிருக்கும். அது வேறு கோபம், விடுங்கள்.

கூட்டுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். நிலத்தில் சோக்கால் ஒரு வட்டம் கீறுங்கள். குப்பை எல்லாம் இந்த வட்டத்துக்குள் வர வேண்டும் என்று நீங்களே ஒரு தடவை ஆறுதலாகச் செய்து காட்டுங்கள். செய்யும்போது கதைக்காதீர்கள். இந்த வயதில் உங்கள் வாயையும் கையையும் ஒன்றாகக் கவனிக்க அவர்களால் ஏலாது. எங்கே முடிக்க வேண்டும் என்று தெரியாததால்தான் அவன் குப்பைக்கு நடுவால் போகிறான். அதைக் குழப்படி என்று எடுக்காதீர்கள்.

சமையலில் பருப்பை விடுங்கள், பயத்தங்காயில் தொடங்குங்கள். ஒரு தட்டத்தில் பத்துப் பன்னிரண்டு காய் போதும். காம்புப் பக்கத்தை ஒடித்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து முறித்துக் காட்டுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே கடைசிக் காய் வரைக்கும் முறிப்பார்கள். வாடின காயில் அந்தச் சத்தம் வராது, ஆகவே சந்தையில் பச்சைப் பசேல் என்று பார்த்து வாங்குங்கள். ஒன்று விரல் நீளம், ஒன்று நகம் அளவு என்றுதான் வரும். அப்படியே கறியில் போடுங்கள். அவன் பார்க்க நீங்கள் எடுத்துத் திருத்தி முறித்தால் அடுத்த தடவை வரமாட்டான்.

ரொஃபி வேண்டாம். நான் சும்மா சொல்லவில்லை. 2006 இல் வார்னெகன், டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் பதினெட்டு மாதப் பிள்ளைகள் முன்னால் உடுப்புக் கொழுவுவதுபோல் கொழுவி, கிளிப்பைக் கீழே தவற விட்டார்கள். எட்டி எடுக்க முடியாததுபோல் கையை மட்டும் நீட்டினார்கள். யாரும் கேட்காமலே பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். இதுபோல் வைத்த பல சோதனைகளில் 24 பேரில் 22 பேர் ஒரு தடவையாவது உதவினார்கள். 2008 இல் இருபது மாதப் பிள்ளைகளோடு இன்னொரு சோதனை. உதவிய சிலருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பரிசுச் சாமான், சிலருக்கு வாய்ப் பாராட்டு, சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு பரிசை நிறுத்திப் பார்த்தால், பரிசு வாங்கிப் பழகியவர்கள்தான் மற்ற இரண்டு கூட்டத்தையும்விடக் குறைவாக உதவினார்கள். உங்கள் மகனுக்குக் கிளிப் எடுத்துத் தருகிற ஆசை தானாக வந்தது. அதற்கு உங்கள் கணவர் ஏன் விலை போட வேண்டும்? "நல்லா முறிச்சிருக்கிறீங்கள்" என்று சொல்லலாம், அதில் பிழையில்லை.

கொள்ளுப்பிட்டி ஒஃபிஸ்காரன் எழுதியது:

ரீச்சர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் காலை ஏழு மணிக்கு, பஸ் போய்விடும் என்கிற நேரத்தில், ஒரு பிள்ளை சப்பாத்துக்குத் தானே பொலிஷ் போடுகிறேன் என்று நின்றால் என்ன செய்வது என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் வார நாள் காலையில் உதவி தடை. மகளுக்கும் தெரியும், அழுதாலும் நடக்காது. பின்னேரமும் சனி ஞாயிறும் அவளுடைய ராச்சியம். எப்போதும் இணங்க வேண்டியதில்லை அக்கா, நேரம் குறித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

திருப்பிச் செய்யக் கூடாது என்பதையும் நான் முழுக்க ஏற்கமாட்டேன். அவள் கூட்டியதை நான் திரும்பக் கூட்டுகிறேன், அவள் நித்திரையான பிறகு. எறும்புக்கு மொண்டிசோரி தெரியாது.

உங்கள் மாமியிடம் இதைச் சொல்லுங்கள். நான் யாழ்ப்பாணத்தில் மூன்று அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண். சாப்பிட்ட கோப்பையைக் கூட எடுத்ததில்லை. பேராதனையில் அறை எடுத்துத் தங்கிய பிறகுதான் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி தேயிலை என்று இன்னொருவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது படிக்கவும் வேலைக்கும் பிள்ளைகள் எந்த நாட்டுக்கெல்லாமோ போகிறார்கள். மெல்பேணில் மருமகள் வந்து கூட்டித் தருவாள் என்று இருக்க முடியுமா?

சிறுவர் வார்டில் இருந்தவள் எழுதியது:

வேலை பழக்குவது நல்லது. ஆனால் ஒரு தாதியாக வார்டில் பார்த்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

வாளி. நிலம் துடைக்கிற வாளியில் நாலு விரல் தண்ணீர் இருந்தாலும் ஆபத்து. இந்த வயதில் தலை பாரம், கால் சிறிது. எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழும்ப முடியாது, சத்தமும் வராது. துடைத்து முடிந்ததும் ஊற்றிவிடுங்கள், "பிறகு ஊற்றுவோம்" என்று பாத்ரூமில் வைக்காதீர்கள். பிள்ளைக்குத் துடைக்க ஆசை என்றால் நனைத்துப் பிழிந்த துணியை மட்டும் கையில் கொடுங்கள், போதும்.

மண்ணெண்ணெயும் டொய்லெட் கழுவுகிற திரவமும் சோடாப் போத்தலில் இருக்கிற வீடுகள் எத்தனை! உதவி செய்கிற பிள்ளைக்கு அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் போத்தல் எடுத்துத் தருவது அவனுடைய வேலை என்று நீங்களே பழக்கிவிட்டீர்கள். அவற்றை அவற்றின் போத்தலிலேயே, உயரத்தில், பூட்டிய அலுமாரியில் வையுங்கள். தப்பித் தவறிக் குடித்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, அதன் இலக்கத்தை இன்றைக்கே ஃபோனில் சேமித்து வையுங்கள்.

பருப்பு, கடலை, கச்சான் பொறுக்கிப் பிரிக்க விடுவதென்றால் பக்கத்திலேயே இருங்கள். கச்சான் மூச்சுக்குழாயில் அடைக்கும். பருப்பு மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊதும், இடுக்கி போட்டுத் தோண்டினால் இன்னும் உள்ளே போகும். அதை நீங்கள் எடுக்கப் பார்க்க வேண்டாம், பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி உங்களுக்குத் தூரமில்லை.

கடைசியாகப் பல்கனி. கிளிப் தருவதற்கு அவன் எதன் மேல் ஏறி நிற்கிறான்? கதிரை என்றால் இன்றோடு நிறுத்துங்கள். கிளிப் கூடையை நிலத்தில் வையுங்கள், அவன் கீழே நின்று எடுத்துத் தரட்டும். கம்பிக்கு அருகில் ஏறக்கூடிய ஒன்றும் இருக்கக் கூடாது, பூச்சாடியும்தான்.

கடற்கரைப்பக்கத்து அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தாதி அக்கா, கதிரையில்தான் நின்றான். வாசித்த கையோடு கூடையைக் கீழே இறக்கியாகிவிட்டது. பூச்சாடிகளையும் உள்பக்கச் சுவரோடு தள்ளி வைத்தேன்.

பயத்தங்காய் நல்ல யோசனை. மாமி முதலில் தூரத்தில் இருந்துதான் பார்த்தார். பிறகு "நார் இழுக்காமல் முறிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு கிட்ட வந்தார். இப்போது பின்னேரம் இரண்டு பேரும் குசினி வாசலில் ஒரு தட்டத்துக்கு இரண்டு பக்கம். எனக்கு அங்கே இடமில்லை. ஆனால் தும்புத்தடி விஷயத்தில் மாமி ஒரு அடி கூட இறங்கவில்லை. மெல்பேண் கதையைச் சொன்னேன். "மெல்பேணில மெஷின் இருக்கு" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். விளக்கு வைக்க முதல் கூட்டி முடித்தால் பேசாமல் இருப்பார் போலிருக்கிறது, அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ரொஃபிக்குத்தான் இன்னும் சண்டை. நிறுத்தியதும் கையை நீட்டிக்கொண்டே அழுகிறான். இவரோ எனக்குத் தெரியாமல் கொடுக்கிறார் என்று சந்தேகம், சேர்ட் பையில் பேப்பர் சரசரக்கிறது.

இன்னொரு கேள்வி. பெரிய தும்புத்தடியின் தடி அவனுக்கு நீளம். இவன் முன்னால் கூட்ட, மேல் நுனி பின்னால் ஷோகேஸ் கண்ணாடியில் போய் இடிக்கிறது. சின்னப் பிள்ளைக்கு ஏற்ற அளவில், ஆனால் உண்மையாகவே கூட்டுகிற தும்புத்தடி கொழும்பில் எங்கே வாங்கலாம்?

கொட்டாஞ்சேனை அப்பப்பா எழுதியது:

பிள்ளை, வாங்கத் தேவையில்லை. அதற்கு வருகிறேன், முதலில் உங்கள் பூச்சாடி. எத்தனை சாடி, அடியில் தட்டு இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பேரனுக்கு நான் கொடுத்திருக்கிற உத்தியோகம் நுளம்பு இன்ஸ்பெக்டர். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு நானும் அவனும்தான். சனிக்கிழமை காலையில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வருகிற மாதிரி ஒரு கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்படுவான். சாடித் தட்டில் தண்ணீர் நின்றால் "ஆ!" என்று ஒரு சத்தம். நான் சாடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவன் தட்டை எடுத்துக் கவிழ்ப்பான். அதோடு விடமாட்டோம். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் தட்டின் உள்விளிம்பைத் தேய்ப்பான். டெங்கு நுளம்பு தண்ணீரில் மட்டும் முட்டை இடுவதில்லை, தண்ணீருக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும், திரும்பத் தண்ணீர் பட்டால் பொரிக்கும். வெறுமனே ஊற்றிவிட்டால் போகாது, தேய்க்கத்தான் வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் எடுக்கும். அதனால் கிழமைக்கு ஒரு தடவை என்பது கணக்குப் பார்த்து வைத்த நாள்.

சாடி முடிந்தால் ஃபிரிட்ஜ். பின்பக்கத்துத் தட்டில் தண்ணீர் சேரும், பலருக்கு அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாது. அதைக் கழற்றுவது நான், பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். டோர்ச் அடிப்பது அவன். பிறகு மணி பிளான்ட் போத்தல், ஏசி தண்ணீர் சொட்டுகிற இடம், பல்கனித் தண்ணீர் ஓட்டை. 2017 இல் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானபோது எங்கள் ஒழுங்கையிலும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். பேரனுக்கு அதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தட்டைக் கவிழ்த்தால் தண்ணீர் ஓடும், அதுதான் சந்தோஷம்.

அதே வருடம் சித்திரை வருடப் பிறப்பன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் குப்பையில் என்னுடையதும் இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பிரிக்கிற வேலையிலும் அவனைச் சேர்த்துக்கொள்கிறேன். வாழைப்பழத்தோல் பச்சை வாளிக்கு, பிஸ்கட் பேப்பர் மற்றதுக்கு. ஒருநாள் என் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு எதற்குள் போடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றான், அது வேறு.

உங்கள் மாமி இந்த வேலைக்கு மறுப்புச் சொல்லமாட்டார். தும்புத்தடிக்கு இருக்கிற சாங்கியம் நுளம்புக்கு இல்லை.

ரொஃபிக்கு என்னிடம் மருந்தில்லை. நானே கள்ளமாகக் கொடுக்கிறவன்.

சரி, தடி. சாதாரண மரத்தடி போட்ட தும்புத்தடி ஒன்றைப் பலசரக்குக் கடையில் வாங்குங்கள். மகனை நிமிர்ந்து நிற்க வைத்து, தும்புப் பக்கம் கீழே இருக்கத் தடியை அவன் பக்கத்தில் பிடியுங்கள். நெஞ்சுக்கும் நாடிக்கும் நடுவில் ஒரு அடையாளம் போட்டு மரம் அரிகிற வாளால் வெட்டுங்கள். வீட்டில் அந்த வாள் இல்லையென்றால் தெருமுனைத் தச்சுக்கடையில் ஒரு நிமிட வேலை. வெட்டிய நுனியைச் சிராம்பு இல்லாமல் அரத்தாள் போட்டுத் தேயுங்கள், ஹார்ட்வெயார் கடையில் எமரிப் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள். கதிரைக்காலுக்குப் போடுகிற ரப்பர் மூடி ஒன்றையும் வாங்கி மேலே மாட்டுங்கள், ஷோகேஸ் தப்பும். இரும்புத்தடி வாங்காதீர்கள், வெட்டினால் விளிம்பு கிழிக்கும். அடுத்த வருடம் இது அவனுக்குக் குட்டையாகிவிடும், அப்போது இன்னொன்று வெட்டுங்கள். வெட்டிய மிச்சத் துண்டை எறிந்துவிடாதீர்கள், மிளகாய்ச் செடிக்கு முண்டு கொடுக்க உதவும்.